விரைந்து கணக்கிடும் வழி

"நிரல் எழுதியாயிற்று, விடையும் சரியாக வருகிறது. ஆனால் அது வருவதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது!" ஆய்வு மாணவர் பலரும் சொல்லும் குறை இது. புதிய கணிப்பொறி வாங்கினால் தீரும் என்று எண்ணுகிறோம். உதவித்தொகையில் பாதியை வீட்டுக்குக் கொடுக்கும் நம் போன்றோர் வேறு வழிதான் காண வேண்டும்.

அதற்குச் சான்று இந்நகரிலேயே உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய கணிப்பொறிக்கு 1962-இல் நேரு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார். அதை ஆக்கிய குழுவை நடத்தியவர் தமிழரான ஆர். நரசிம்மன். அதன் நினைவகத்தில் 2,048 சொற்களே அடங்கும். சொல்லுக்கு 40 பிட்டுகள். இன்றைய கணக்கில் 10 கிலோபைட்டு! கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆயினும் அதைக் கொண்டே அறிஞர் அறிவியல் கணக்குகளைச் செய்தனர்.

நாம் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, அளத்தல். எட்டு மணி நேரம் ஓடிய என் நிரலில் குற்றவாளி ஒரு சூத்திரமே என ஊகித்து, இரண்டு நாள் அதைத் திருத்தினேன்; பயனில்லை. பின்னர் அளந்து பார்த்தால், நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஓர் இரட்டைச் சுழற்சி விழுங்கியிருந்தது! 100 நிமிட வேலையில் 90 நிமிடம் கொள்ளும் பகுதியைப் பத்து மடங்கு விரைவாக்கினால் மொத்தம் 19 நிமிடமாகும். மற்ற 10 நிமிடப் பகுதியை அடியோடு நீக்கினாலும் 90 நிமிடம் ஆகவே செய்யும். 1967-இல் ஆம்டால் எடுத்துக்காட்டிய உண்மையின் சாரம் இதுவே.

இரண்டாவது, முறையைத் தேர்தல். 1,024 புள்ளிகளுக்கு ஃபூரியர் மாற்றத்தை நேராகக் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு முறையில் பத்தாயிரம் அளவே போதும்.

மூன்றாவது, எண்களை எடுக்கும் வரிசை. இன்றைய கணிப்பொறிகள் பலவும் நினைவகத்திலிருந்து ஒரே முறையில் 64 பைட்டுகள், அதாவது இரட்டைத் துல்லிய எண்கள் எட்டினைக் கொணர்கின்றன. தாராவியில் காலைக் குழாயடியில் நின்று குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, ஒரு தம்ளர் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிட்டு, மறுபடி குழாயடிக்கு ஓடுவார் உண்டோ? என் நிரல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது! சி மொழி அணியை நிரை நிரையாக வைக்கிறது. ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக வைக்கிறது. வைத்த வரிசையிலேயே எடுப்பது நன்று. என் இரட்டைச் சுழற்சியில் உள்ளதை வெளியிலும் வெளியே உள்ளதை உள்ளும் மாற்றினேன். இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. திருத்தியபின் பழைய விடையோடு ஒப்பிட வேண்டும். கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் சிறிது மாறலாம். அதற்கு மேல் மாறினால் பிழை நம்முடையது.

முன்பு இரவுக்கு ஒரு சோதனை செய்த நான் இப்போது நான்கு செய்கிறேன். நான்காவதில்தான், நான் தொடக்கத்திலேயே கொண்ட எல்லை நிலை தவறென்று தெரிந்தது. ஒரே சோதனையோடு நின்றிருந்தால் அத்தவற்றையே ஆய்வேட்டில் எழுதியிருப்பேன். விரைவின் பெரும்பயன் ஓய்வன்று, தோழர்களே. மறுபடியும் ஐயுற்றுப் பார்க்க நேரம் கிடைப்பதே.