உறங்கக் கற்ற பெட்டி

நள்ளிரவு நேரம். வீட்டிலுள்ளோர் யாவரும் உறங்குகின்றனர். ஆயினும், கூடத்துச் சுவரிலுள்ள இணையப் பெட்டியின் சிறு விளக்கு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கின்றது. அஃது யாருக்காக விழித்திருக்கின்றது?

அப்பெட்டி 10 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஓய்வின்றி எரிந்தால் ஓராண்டில் ஏறத்தாழ 88 யூனிட் செலவாகும். ஒரு வீட்டிற்கு இது சிறிதே. ஓர் இலட்சம் வீடுகளுக்கோ 88 இலட்சம் யூனிட் ஆகும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்பிற்கு மட்டுமன்று, வீண்செலவிற்கும் பொருந்தும். செய்தி வரினும் வாராவிடினும் பெட்டி ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தை உண்பதே இதற்குக் காரணம்.

இக்குறையைக் களைய அறிஞர் இருவழி கண்டனர். முதலாவது, பாதையை மாற்றுதல். விரைந்து செல்லும் செய்தி செம்புக் கம்பியில் சிறிது தொலைவிலேயே வலிவிழக்கும். ஆகவே, தெருக்கள்தோறும் மின்சாரத்தால் இயங்கும் கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது. தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியால் செய்தியை நெடுந்தொலைவு அனுப்பலாம் என 1966ஆம் ஆண்டில் சார்லசு காவோ என்னும் அறிஞர் விளக்கினார். அதன் பொருட்டு அவர் 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்று நிலையத்திலிருந்து புறப்படும் ஓரிழை 20 கிலோமீட்டர் வரை சென்று, 32 வீடுகளுக்கும் அதற்கு மேலும் பிரிகின்றது. கால்வாய் நீரைப் பல வாய்க்கால்களுக்குப் பங்கிடும் மதகுபோல, ஒளியைப் பங்கிடும் அப்பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டுவதில்லை.

இரண்டாவது, உறக்கம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2010ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில் இதுவும் இடம்பெற்றது. வேலையில்லாதபோது பெட்டி, நிலையத்தின் இசைவு பெற்று, ஒளியை அனுப்பும் உறுப்பையும் வாங்கும் உறுப்பையும் நொடியின் சிறுபகுதி நேரம் அணைத்துவிடும். பின் விழித்து, 'செய்தி உண்டோ?' என நோக்கும். இல்லையெனில் மீண்டும் உறங்கும். அதுவரை வரும் செய்தியை நிலையம் காத்து வைத்திருக்கும்.

ஆனால், உறக்கம் அளவு கடத்தல் ஆகாது. நோயுற்ற ஒருவருக்காக இரவில் மருத்துவரை அழைக்கின்றோம். அப்பொழுது பெட்டி அக்கணமே விழித்தல் வேண்டும். ஆதலின், அனுப்பும் உறுப்பை மட்டும் அணைத்துக் கேட்கும் உறுப்பை விழித்திருக்கச் செய்யும் அரைத்துயில் முறையும் வகுக்கப்பட்டது.

மாணவர்களே! சிக்கனம் என்பது பணியைக் குறைத்தல் அன்று. பணியில்லாப் பொழுதின் செலவைக் குறைத்தலே ஆகும். இதனை ஒரு சிறு பெட்டியும் நமக்கு உணர்த்துகின்றது அன்றோ?