பியானோ மீட்டிய கரங்கள் நாட்டை ஆண்ட கதை

இசைக் கலைஞர் ஒருவர் ஒரு நாட்டின் பிரதமராக முடியுமா? முடியும் என்று காட்டியவர் போலந்து நாட்டின் இக்னாசி பாடெரெவ்ஸ்கி.

1795ஆம் ஆண்டில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் போலந்தை முழுவதுமாகப் பங்கிட்டுக் கொண்டன. அதன்பின் 123 ஆண்டுகள் உலகப்படத்தில் அந்நாடு இல்லை. அத்தகைய அடிமை நாளில், 1860இல் பாடெரெவ்ஸ்கி பிறந்தார். பிறந்த சில மாதங்களிலேயே தாயை இழந்தார். 1863ஆம் ஆண்டு விடுதலைக் கிளர்ச்சியை ஒட்டி ரஷ்ய அரசு அவருடைய தந்தையைச் சிறையிலிட்டது. தாயன்பு அறியாத அச்சிறுவனுக்கு இசையே துணையாயிற்று.

பன்னிரண்டாம் வயதில் வார்சா இசைக் கல்லூரியில் சேர்ந்தார். இருபது வயதில் மணந்த மனைவியும் மகப்பேற்றுக்குப்பின் மறைந்தார். துயரத்தால் துவளாமல் வியன்னா சென்று மேலும் பயின்றார். 1888இல் பாரிசிலும், 1891இல் நியூயார்க்கிலும் அவர் இசை முழங்கியது. புகழும் பொருளும் குவிந்தன. அவற்றைத் தமக்கென்று வைத்துக்கொண்டாரா? இல்லை. 1910இல் கிரகோவ் நகரில் கிரன்வால்டு வெற்றியின் 500ஆம் ஆண்டு நினைவுச்சின்னத்தைத் தம் செலவில் எழுப்பினார்.

முதல் உலகப்போரின்போது அமெரிக்க நகரங்களில் இசை நிகழ்ச்சிக்கு முன் போலந்து மக்களின் துன்பத்தை எடுத்துரைத்து நிதி திரட்டினார். 1918 ஜனவரியில் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்த பதினான்கு அம்சங்களில் பதின்மூன்றாவது, சுதந்திரப் போலந்து என்பதாகும்.

விடுதலை வந்தது, ஒற்றுமை வரவில்லை. வார்சாவில் பில்சுட்ஸ்கியும் பாரிசில் திமோவ்ஸ்கியும் எதிரெதிராய் நின்றனர். இரு தரப்பும் ஏற்கக்கூடியவராக இருந்ததால் 1919 ஜனவரியில் பாடெரெவ்ஸ்கி பிரதமரானார். அம்மாதமே நடந்த தேர்தலில் போலந்துப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். ஜூன் 28ஆம் நாள் அவர் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். சிறுபான்மையினருக்குச் சம உரிமை அளிக்கும் உடன்படிக்கையிலும் அன்றே கையொப்பமிட்டார்.

ஆனால் கைதட்டல் நிலைக்கவில்லை. டான்சிக் துறைமுகம் போலந்துக்குக் கிடைக்காமல் தனி நகரமாக ஆக்கப்பட்டது. சிறுபான்மையினர் உடன்படிக்கையையும் பலர் வெறுத்தனர். நெடுநாள் பாரிசில் தங்கியதால் உள்நாட்டு ஆட்சியும் அவர் பிடியில் இல்லை. நாடாளுமன்றத்தின் ஆதரவை இழந்து டிசம்பரில் பதவி விலகினார். பேச்சாற்றலும் நல்லெண்ணமும் மட்டும் ஆட்சிக்குப் போதா என்பதை இது காட்டுகிறது.

எனினும் அவர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. 1922இல் மீண்டும் பியானோவின் முன் அமர்ந்தார். 1939இல் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் போலந்தைப் பங்கிட்டபோது, எண்பதை எட்டிய முதுமையிலும் நாடு கடந்த தேசிய மன்றத்தின் தலைமையை ஏற்றார். 1941 ஜூன் 29இல் நியூயார்க்கில் காலமானார். அவரது உடல் 1992இல் வார்சாவின் புனித யோவான் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இதயம் மட்டும் அமெரிக்காவில், செஸ்டகோவா அன்னையின் திருத்தலத்தில் உள்ளது.

தோழியரே! அவர் பிரதமராக இருந்தது ஓராண்டுகூட இல்லை. நாட்டுக்கு உழைத்ததோ வாழ்நாள் முழுவதும். இறைவன் நமக்களித்த திறமை பாட்டாயினும் படிப்பாயினும் அது பிறருக்கும் பயன்படட்டும். பதவி போனாலும் பணி நிற்கலாகாது என்பதே அவர் வாழ்க்கை நமக்குத் தரும் பாடம்.

— பத்தாம் வகுப்பு மாணவி