மழைநீரை மண்ணுக்கு இறக்கும் மரங்கள்

விடியற்காலையில் மழை பெய்தால் அன்றைய பால் வெட்டு இல்லை. வெட்டிய பின்னர்ப் பெய்தாலோ, பட்டை வழியே ஒழுகிவரும் நீர் மங்கில் இறங்கிப் பாலை வழியவிட்டுவிடும். அந்த நீரை நாம் பகையாக எண்ணுவதில் வியப்பில்லை. மரத்திற்கோ அது உணவு கொண்டுவரும் நீராகும்.

மலாக்காவில் ஆயர் குரோ காட்டினுள் மழைக்கு ஒதுங்கியவர்கள் ஒன்றைக் கண்டிருப்பர். வெளியே மழை தொடங்கிச் சற்று நேரம் கழித்தே உள்ளே துளி விழும். வெளியே நின்ற பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டிருக்கும். இலைகளில் தங்கும் நீரில் ஒரு பகுதி ஆவியாகி வானுக்கே திரும்புகிறது. பெரும்பகுதி இலைகளினின்று சொட்டுகிறது. ஒரு சிறுபகுதியே கிளைகளில் ஓடி, அடிமரத்தின் வழியாக வேருக்கு இறங்குகிறது.

அரச இலையின் நுனியில் வால்போல் நீண்டிருப்பதை நாம் அறிவோம். காட்டுமரங்கள் பலவற்றின் இலைகளும் அவ்வாறே கூர்நுனி கொண்டவை; நீர் தேங்காமல் விரைந்து வடிய அது உதவுகிறது. வாழையின் கதை வேறு. அதன் இலைத்தண்டு வாய்க்கால்போல் குழிந்து, நீரைத் தன் அடிக்கே அழைத்துச் செல்கிறது. வீட்டுப் பின்புறத்தில் மழை நேரத்தில் பார்த்தாலே தெரியும்.

இறங்கும் நீர் வெறும் நீரன்று. இலைமேல் படிந்த தூசியையும், இலையினின்று கசியும் சாம்பல் சத்தையும் கரைத்து வருகிறது. உதிர்ந்த சருகும் மட்கிச் சத்தாகிறது. அவற்றை உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரவியுள்ளன. ஆகவே மேல்மண் போனால் மரத்தின் உணவும் போயிற்று.

இதனை நம் தோட்டங்கள் பட்டே அறிந்தன. 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் ரப்பர் பயிரிட்டார். பின்னர் நாடெங்கும் காடழித்துத் தோட்டங்கள் எழுந்தபோது, ஒரு புல்லும் இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல பராமரிப்பு என்று கருதப்பட்டது. (அந்த வெயிலில் குனிந்து சுரண்டியவர்கள் நம் முன்னோர்தாம்.) திறந்து கிடந்த மண்ணை மழை அரித்துச் சென்றது. பிறகே இளங்கன்றுகளுக்கிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிடும் வழக்கம் பரவியது. அக்கொடிகள் மழையின் அடியைத் தாங்குவதோடு, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்குத் தருகின்றன.

வெட்டுக்கு மேலே ஒட்டப்படும் பிளாஸ்டிக் மழைக்காப்பு, பட்டைநீரை வெட்டின்மேல் படாமல் விலக்குகிறது. மரத்திற்கு நட்டமில்லை, அந்நீர் அதன் அடியிலேயே விழுகிறது. ஆனால் பசை இடைவெளி விட்டிருந்தால் நீர் கசிந்து வெட்டை நனைக்கும். ஓயாது நனையும் வெட்டில் பூசணம் பற்றிக் கறுப்புக் கோடுகள் தோன்றும். அத்தகைய இடைவெளியைக் கண்டவுடன் மண்டோரிடம் கூறுதல் வேண்டும்.

இலையுதிர் காலத்தில் நிரைகளில் குவியும் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம். அடுத்த மழை அதன்மேல் விழட்டும்.