மூல் கணிப்பும் அயன் செறிவும்: சிறிய முருகைக்கல் தொட்டியில் நீரைச் சமநிலையில் வைத்திருத்தல்

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• முருகை உயிரிகள் எந்த அயன்களை என்ன விகிதத்தில் பயன்படுத்துகின்றன என விளக்கவும்,
• நாளாந்தம் சேர்க்க வேண்டிய உப்பின் திணிவை மூல் கணிப்பால் காணவும்,
• சிறிய தொட்டியில் சிறு தவறும் ஏன் பெரிதாகிறது எனக் காரணம் கூறவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

1. தாக்கத்தை அறிவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரைக் கேத்தலில் தொடர்ந்து கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைப் படை படிவதைக் கண்டிருப்பீர்கள். அங்கு நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். அதைக் கரைத்து வந்த நீரில் கல்சியம் அயன்களும் இருகாபனேற்று அயன்களும் உள்ளன. சூடாக்கும்போது அவை கல்சியம் காபனேற்றாக வீழ்படிவாகின்றன. முருகை உயிரி தன் வன்கூட்டை அமைப்பதும் இதே பொருளால்தான். ஆனால் அதற்குக் கொதிநீர் தேவையில்லை. தன் உடற்கலங்களின் உதவியால் கடல் நீரிலிருந்தே அதை ஆக்கிக்கொள்கிறது.

கல்சியம் அயன் (1 மூல்) + இருகாபனேற்று அயன் (2 மூல்) → கல்சியம் காபனேற்று (1 மூல்) + காபனீரொட்சைட்டு (1 மூல்) + நீர் (1 மூல்)

இப்பாடம் முழுவதும் இந்த 1 : 2 என்னும் விகிதத்திலேயே தங்கியுள்ளது. அதை மனதில் இருத்துங்கள்.

2. எது முதலில் தீரும்?

கடல் நீரின் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 410 மில்லிகிராம் கல்சியம் உண்டு. கல்சியத்தின் சாரணுத்திணிவு 40. ஆகவே இது ஏறத்தாழ 10 மில்லிமூல் ஆகும். அதே நீரில் காரத்தன்மை லீற்றருக்கு ஏறத்தாழ 2.4 மில்லிமூல் மட்டுமே. காரத்தன்மையின் பெரும் பகுதி இருகாபனேற்று அயன்களால் ஆனது. எளிமைக்காக இங்கு முழுவதும் அவையே எனக் கொள்வோம்.

கல்சியம் 1.2 மில்லிமூல் குறையும்போது இருகாபனேற்று 2.4 மில்லிமூலும் முற்றாகத் தீர்ந்துவிடும். அப்போதும் கல்சியம் 8 மில்லிமூலுக்கு மேல் எஞ்சியிருக்கும். எனவே எல்லைப்படுத்தும் தாக்கி இருகாபனேற்றே. கடல் பெரியது, ஆறுகளும் பாறைகளும் அதற்கு அயன்களை வழங்கிக்கொண்டே இருக்கின்றன. தொட்டிக்கு அவ்வாறு வழங்குவோர் எவருமில்லை. அப்பணியை வளர்ப்பவரே செய்ய வேண்டும். அவரது கணக்குப் பிழைத்தால் முருகை உயிரியின் வளர்ச்சி நிற்கும். மாற்றம் திடீரென நிகழ்ந்தால் அதன் மென்னிழையம் வெளிறி உரிந்து இறக்கவும் கூடும்.

3. உதாரணக் கணக்கு

ஒரு தொட்டியின் நீளம் 50 சென்ரிமீற்றர், அகலம் 40 சென்ரிமீற்றர், நீரின் உயரம் 36 சென்ரிமீற்றர். கற்களும் மணலும் 12 லீற்றர் இடத்தைப் பிடித்துள்ளன. எதையும் சேர்க்காது 4 நாட்கள் விட்டபோது இருகாபனேற்றின் செறிவு லீற்றருக்கு 2.8 மில்லிமூலிலிருந்து 2.4 மில்லிமூலாகக் குறைந்தது. நாளாந்தம் சேர்க்க வேண்டிய உப்புகளின் திணிவைக் காண்க.

படி 1: நீரின் கனவளவு
50 × 40 × 36 = 72 000 கன சென்ரிமீற்றர் = 72 லீற்றர்
உண்மையான நீர் = 72 – 12 = 60 லீற்றர்

படி 2: ஒரு நாளின் பயன்பாடு
செறிவுக் குறைவு = 0.4 ÷ 4 = 0.1 மில்லிமூல்/லீற்றர்
முழுத் தொட்டிக்கும் = 0.1 × 60 = 6 மில்லிமூல் இருகாபனேற்று

படி 3: சோடியம் இருகாபனேற்றின் திணிவு
மூலர்த்திணிவு = 23 + 1 + 12 + 48 = 84
6 × 84 = 504 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 0.5 கிராம்

படி 4: கல்சியம் குளோரைட்டின் திணிவு
தேவையான கல்சியம் = 6 ÷ 2 = 3 மில்லிமூல்
இரு நீர் மூலக்கூறுகளுடன் கூடிய கல்சியம் குளோரைட்டின் மூலர்த்திணிவு = 40 + 71 + 36 = 147
3 × 147 = 441 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ 0.44 கிராம்

மாணவர் பலர் புள்ளிகளை இழப்பது இரண்டு இடங்களில்: படி 1இல் கற்களின் கனவளவைக் கழிக்க மறப்பது; படி 4இல் 2ஆல் வகுக்க மறப்பது.

4. இரு போத்தல் முறை

அரைக் கிராமைத் தினமும் நிறுப்பது கடினம். ஆகையால் கரைசலாக்கி அளப்பர். ஒரு போத்தலில் 42 கிராம் சோடியம் இருகாபனேற்றையும், மற்றதில் 36.75 கிராம் மேற்கூறிய கல்சியம் குளோரைட்டையும் இட்டு, காய்ச்சி வடித்த நீரால் ஒவ்வொன்றையும் 1 லீற்றராக்குவர். முதலாவதன் செறிவு லீற்றருக்கு 0.5 மூல், இரண்டாவதன் செறிவு லீற்றருக்கு 0.25 மூல். 1 : 2 விகிதம் போத்தல்களிலேயே அமைந்துவிட்டதால் இரண்டிலும் சம கனவளவு எடுத்தாற் போதும். மேற்கூறிய தொட்டிக்கு ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு 12 மில்லிலீற்றர் தேவை.

கவனிக்க: இரு கரைசல்களையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் கல்சியம் காபனேற்று போத்தலிலேயே வீழ்படிவாகிவிடும். தொட்டியிலும் நீரோட்டம் உள்ள இடத்தில் ஒன்றை ஊற்றி, அது நன்கு கலந்த பின்னரே மற்றதை ஊற்ற வேண்டும்.

5. எதை அளப்பது?

உதாரணத்தில் நான்கு நாட்களில் கல்சியம் லீற்றருக்கு 0.2 மில்லிமூல், அதாவது 8 மில்லிகிராம் குறைந்தது. 410இல் இது ஏறத்தாழ 2 சதவீதம். சாதாரண நியமிப்புச் சோதனையில் இவ்வளவு சிறிய மாற்றம் தெளிவாகத் தெரியாது. ஆனால் இருகாபனேற்று 2.8இல் 0.4 குறைந்தது. இது 14 சதவீதத்துக்கும் மேல். எனவே காரத்தன்மையை அடிக்கடி அளந்து அதைக் கொண்டே இரண்டின் அளவையும் தீர்மானிப்பர். கல்சியத்தை இடைக்கிடை சோதித்தாற் போதும்.

விகிதம் ஏற்கெனவே குலைந்திருந்தால் சம அளவு சேர்ப்பது பயன் தராது. குறைந்துள்ளதை மட்டும் சேர்த்து முதலில் திருத்த வேண்டும். அதையும் ஒரே நாளில் செய்யலாகாது. காரத்தன்மையை நாளொன்றுக்கு லீற்றருக்கு 0.5 மில்லிமூலுக்கு மேல் மாற்றாதிருப்பது பாதுகாப்பானது.

6. சிறிய தொட்டியின் சிக்கல்

12 மில்லிலீற்றருக்குப் பதிலாக ஒருவர் 120 மில்லிலீற்றர் இருகாபனேற்றுக் கரைசலை ஊற்றிவிட்டார் எனக் கொள்வோம். சேர்ந்தது 60 மில்லிமூல். 60 லீற்றர் தொட்டியில் செறிவு 1 மில்லிமூலால் உயரும். 600 லீற்றர் தொட்டியில் 0.1 மில்லிமூலால் மட்டுமே உயரும். தவறு ஒன்றே, விளைவு பத்து மடங்கு.

ஆவியாதலும் இவ்வாறே. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறையும் நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே நிரப்ப வேண்டும். கடல் நீரை நிரப்பினால் உவர்த்தன்மை ஏறும். வன்னீரை நிரப்பினால் அளவறியாத கல்சியமும் இருகாபனேற்றும் சேரும்.

மகனீசியத்தையும் மறவாதீர்கள். கடல் நீரில் அது லீற்றருக்கு ஏறத்தாழ 1300 மில்லிகிராம் உண்டு. வளரும் கல்சியம் காபனேற்றுப் பளிங்கின் மேற்பரப்பில் மகனீசியம் அயன்கள் படிந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மகனீசியம் குறைந்தால் நாம் சேர்ப்பது முருகை உயிரியைச் சேராது, சூடாக்கியிலும் பம்பியிலும் படையாகப் படியும்.

இரு உப்புகளையும் சேர்க்கும்போது எஞ்சும் சோடியம், குளோரைட்டு அயன்கள் கறியுப்பாகவே நீரில் தங்குகின்றன. உதாரணத் தொட்டியில் இது நாளொன்றுக்கு 6 × 58.5 = 351 மில்லிகிராம். ஆகவே காலத்துக்குக் காலம் நீரின் ஒரு பகுதியை மாற்றி உவர்த்தன்மையைச் சரிபார்க்க வேண்டும்.

7. பயிற்சி வினாக்கள்

(1) 40 லீற்றர் நீருள்ள தொட்டியில் இருகாபனேற்றின் செறிவு 2 நாட்களில் லீற்றருக்கு 2.9 மில்லிமூலிலிருந்து 2.5 மில்லிமூலாகக் குறைந்தது.
 (அ) ஒரு நாளில் பயன்பட்ட இருகாபனேற்று எத்தனை மில்லிமூல்?
 (ஆ) மேற்கூறிய கரைசல்கள் ஒவ்வொன்றிலும் நாளாந்தம் எத்தனை மில்லிலீற்றர் தேவை?
 (இ) அவ்விரு நாட்களில் கல்சியத்தின் செறிவு லீற்றருக்கு எத்தனை மில்லிகிராமால் குறைந்திருக்கும்?
(2) ஒரு தொட்டியில் கல்சியம் லீற்றருக்கு 350 மில்லிகிராம், இருகாபனேற்று லீற்றருக்கு 2.6 மில்லிமூல். முதலில் எதைச் சேர்ப்பீர்கள்? காரணம் தருக.
(3) கேத்தலில் படிந்த வெள்ளைப் படை காபனேற்று எனக் காட்ட ஒரு சோதனையைக் கூறுக.

விடைகள்
(1) (அ) 0.2 × 40 = 8 மில்லிமூல் (ஆ) 8 ÷ 0.5 = 16 மில்லிலீற்றர் (இ) 0.4 ÷ 2 × 40 = 8 மில்லிகிராம்
(2) கல்சியம் குளோரைட்டுக் கரைசலை மட்டும், சிறிது சிறிதாக. இருகாபனேற்று ஏற்கெனவே போதிய அளவில் உள்ளது.
(3) ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சேர்க்க. நுரைத்து வெளியேறும் வாயு தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும்.

விடைகளைப் பார்க்கும் முன் ஒவ்வொரு வினாவையும் அலகுகளுடன் எழுதிச் செய்து பாருங்கள். அலகை எழுதும் பழக்கமுடையவர் 2ஆல் வகுக்க மறப்பது அரிது.