அகத்தி மொட்டுக்குள் கருப்பையைப் பார்ப்பது எப்படி?

ஏழு செல்லும் எட்டு உட்கருவும் கொண்ட கருப்பையைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படமாக வரைந்துவிடுகிறோம். கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பார்க்க ஆசைப்படுபவர்களும் விரிந்த பூவைப் பறித்து வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். பூ விரிவதற்குள் சூலின் வளர்ச்சி பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். தொடங்க வேண்டியது சின்ன மொட்டிலிருந்து.

இதற்கு அகத்தியைவிடத் தோதான மரம் நம் பக்கத்தில் அரிது. மொட்டு பெரியது, கையாள எளிது. ஒரு காயில் 15 முதல் 50 விதை வரை இருப்பதால், ஒரு சூலகத்தைப் பிளந்தாலே சூல்கள் வரிசையாகக் கிடைக்கும். பொரியல் செய்யும்போது கசக்கும் என்று பூவின் நடுநரம்பைக் கிள்ளிப் போடுகிறோமே, சூலகம் அதில்தான் இருக்கிறது.

ஒரே மரத்தின் பல கொத்துகளிலிருந்து 1 செ.மீ. மொட்டு முதல் நாளை விரியப்போகும் மொட்டு வரை பறித்து, வெள்ளைத்தாளில் நீள வரிசைப்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து எண் போடுங்கள். இந்த அளவுக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் பார்ப்பது எந்தப் பருவம் என்று சொல்லவே முடியாது.

முதலில் பெரிய மொட்டில் கை பழகட்டும். இதழ்களை ஊசியால் விலக்கினால் பத்து மகரந்தத்தாள்கள் தெரியும். ஒன்பது சேர்ந்து குழலாக இருக்கும், ஒன்று தனித்து நிற்கும். குழலைக் கீறினால் உள்ளே மெல்லிய, தட்டையான பச்சைச் சூலகம். அதை வெளிச்சத்தில் பிடித்து, சூல்கள் எந்த விளிம்பில் ஒட்டியிருக்கின்றன என்று கைலென்ஸில் பாருங்கள். பிளேடால் கீற வேண்டியது எதிர் விளிம்பை. மாற்றிக் கீறினால் சூல்வரிசை இரண்டாகப் பிரிந்து, பல சூல்கள் நசுங்கிவிடும்.

சிறிய மொட்டின் சூலகத்தைத் துளி நீரில் வைத்து நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், சூல்கள் வெறும் புடைப்புகளாகத் தெரியும். சற்றுப் பெரிய மொட்டில் புடைப்பைச் சுற்றி வளையம் எழும்பியிருக்கும். அதுதான் சூலுறை. நடுவில் மூடாமல் நிற்பது சூல்திசு. இன்னும் வளர்ந்தால் சூலுறை மேலேறி மூடி, ஒரு சிறு துளையை மட்டும் விட்டுவைக்கும். சூலும் வளைந்து, அந்தச் சூல்துளை காம்புப் பக்கம் திரும்பிவிடும். இதுவரை எந்த ரசாயனமும் தேவையில்லை.

கருப்பைக்கு ஆய்வகம் வேண்டும். 70% ஆல்கஹால் 90 மி.லி., ஃபார்மலின் 5 மி.லி., அடர் அசிட்டிக் அமிலம் 5 மி.லி. கலந்து, சூலகத்தைச் சிறு துண்டுகளாக்கி 24 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு 70% ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலின் ஆவி கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம், மாணவர்கள் தனியாகத் தொடக் கூடாது. மொட்டின் அளவுக்கு ஒரு குப்பி. பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

சூலைச் சீவாமல் முழுதாகவே தெளியவைக்கும் முறை 1984-இல் வெளியானது. சாதாரண நுண்ணோக்கியே போதும். ஆல்கஹாலைப் படிப்படியாகக் குறைத்துச் சூல்களை நீருக்குக் கொண்டுவந்து, மேயர் ஹீமலம் சாயத்தில் ஒரு நாள் வையுங்கள். மிகைச் சாயம் போக 2% அசிட்டிக் அமிலத்தில் ஒரு நாள், நிறம் நீலமாக 0.1% சோடியம் பைகார்பனேட்டில் ஒரு நாள். பிறகு ஆல்கஹாலைப் படிப்படியாக ஏற்றிச் சுத்த ஆல்கஹாலில் இருமுறை மாற்றி, அங்கிருந்து மெத்தில் சாலிசிலேட்டுக்கு மெல்ல மாற்றுங்கள். பால்போல் கலங்கினால் நீர் மிச்சமிருக்கிறது. சுத்த ஆல்கஹாலுக்கே திரும்புங்கள். மெத்தில் சாலிசிலேட் வாயில் பட்டால் நஞ்சு.

இப்போது 40x லென்ஸில், நுண்திருகை மெதுவாகத் திருகி ஆழம் ஆழமாகப் பாருங்கள். இளம் சூலில் ஒரு செல் மட்டும் பெரிதாக, பருத்த உட்கருவோடு இருக்கும்: அதுவே பெருவித்து தாய்செல். அடுத்த அளவு மொட்டில் அது குன்றல் பகுப்படைந்து நான்காக நிற்கக்கூடும். வழக்கமாகச் சூல்துளைப் பக்கத்து மூன்றும் சுருங்கி அழிய, எதிர்முனையான சலாசா பக்கத்தது மட்டும் பிழைக்கும். அதன் உட்கரு மூன்று முறை பகுப்படைந்து இரண்டு, நான்கு, எட்டு ஆகிறது. சூல்துளை முனையில் முட்டையும் இரு சினர்ஜிட்களும், நடுவில் இரு துருவ உட்கருக்கள், மறுமுனையில் மூன்று எதிரடிச் செல்கள்.

அந்த எதிரடிச் செல்களைத் தேடி மனம் தளர வேண்டாம். அகத்தி சேர்ந்த அவரைக் குடும்பத்தில் பல தாவரங்களில் அவை சீக்கிரமே அழிந்துவிடும். முதிர்ந்த கருப்பையில் அவை தெரியாவிட்டால் ஸ்லைடு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். புத்தகப் படத்துக்காக இல்லாததை வரையவும் வேண்டாம். முந்தைய அளவு மொட்டை எடுத்துப் பாருங்கள்.

பார்க்கும்போதே வரைந்து, பக்கத்தில் மொட்டின் நீளத்தையும் எழுதிவிடுங்கள். தாவரவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வளாகத்தில் ஓர் அகத்தி நட்டுவையுங்கள். வேகமாக வளரும் மரம்; மாணவர்களுக்கு மொட்டுப் பஞ்சம் இருக்காது.