மேடைக்குக் கீழே கற்ற பேச்சு

மேடைப்பேச்சு பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது, "நான் எப்போ பேசலாம் சார்?" என்பதுதான். "முதல்ல டைமரா உட்காருங்க" என்பேன். சிலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் ஸ்டாப்வாட்சும், பேசுகிறவருக்கு நேரம் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளும் கைக்கு வந்த பிறகுதான் ஒரு பேச்சு எந்த இடத்தில் இழுக்கிறது, எந்த இடத்தில் கூட்டம் நாற்காலியில் நெளிகிறது என்பது பிடிபடும். பேசக் கற்றுக்கொள்ள நல்ல இடம் மேடைக்குக் கீழேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், 1924 அக்டோபரில் ரால்ஃப் ஸ்மெட்லி முதல் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பைத் தொடங்கினார். இன்று சென்னையில் எங்கள் கூட்டத்தில் ஆசிரியர் என்று தனியாக யாரும் கிடையாது. ஒருவர் பேசுவார், இன்னொருவர் மதிப்பிடுவார், வேறொருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் 'ஆ' கவுண்டராக இருந்து நம் 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா'க்களை எண்ணுவார். அடுத்த கூட்டத்தில் வேலைகள் கைமாறும்.

வாரநாள் மாலைக் கூட்டம் கலகலப்பாகவே போகும். ஆபீஸ் பையோடு ஓடிவருகிறவர்கள், தாமதமாக வந்து பின்வரிசையில் உட்காருகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. போட்டி மாலையின் நடையே வேறு. ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் நடுவர்கள் மதிப்பெண் போட ஒரு நிமிடம் மௌனம். பேச்சுக்கு ஐந்திலிருந்து ஏழு நிமிடம். நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும், ஏழரையைத் தாண்டினாலும் தகுதியிழப்பு. எவ்வளவு பிரமாதமாகப் பேசியிருந்தாலும் சலுகை கிடையாது.

நம்மவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். பள்ளிக்கூட மேடையிலும் கட்சி மேடையிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேடையில் வீற்றிருப்பவர், எதிரில் அமர்ந்திருப்பவர் என்று ஒருவர் விடாமல் விளித்து வணங்கிவிட்டுத்தான் பேச்சுக்கு வருவோம். இந்தப் போட்டியில் அரங்கத்தைப் பார்த்து முதல் சொல் சொன்ன கணத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வணக்கமும் கணக்கில் சேரும். தலைவருக்கும் அவைக்கும் ஒரே வரியில் வணக்கம் போதும். மரியாதை அதனால் குறைந்துவிடாது.

சமீபத்திய போட்டியில் ஒரு வங்கி ஊழியர் தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அம்மா, கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட கதை. காலண்டர் தாளின் பின்பக்கம், அரிசி மூட்டை, கேஸ் அடுப்புக்கு மேலே உள்ள சுவர் என்று அம்மா எழுதிப் பழகிய இடங்களை ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, சிரிப்பு அடங்கவேயில்லை. மஞ்சள் அட்டை உயர்ந்தபோது அவர் கையில் இன்னும் நிறைய பாக்கி இருந்தது. ஒரு நொடி நின்றார். ஒரு சம்பவத்தை அப்படியே விட்டுவிட்டு, நேராக வங்கிக் கவுன்ட்டருக்கு வந்தார். பணம் எடுக்கும் சீட்டில் அம்மா ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதுகிறார். பின்னால் வரிசையில் நிற்கிற ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. சிவப்பு அட்டை எழுந்த சில நொடிகளில் பேச்சு முடிந்தது. எதையோ வெட்டியிருக்கிறார் என்பது அரங்கத்தில் யாருக்கும் தெரியாது.

எப்படி வெட்ட முடிந்தது என்று பிறகு அவரிடம் கேட்டேன். "முழுசா மனப்பாடம் பண்ணல சார். ஆரம்பமும் முடிவும் மட்டும் வரிவரியாத் தெரியும். நடுவுல எதை எடுத்தாலும் கதை நிக்குமான்னு பார்த்து வச்சிருந்தேன்" என்றார். நான் எல்லாருக்கும் சிபாரிசு செய்வது இதைத்தான். வீட்டில் ஆறு நிமிடத்துக்குள் முடிகிற பேச்சைத்தான் போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் அந்தக் கடைசி நிமிடம் தேவைப்படும். தமிழில் பேசுவதானால், என் அனுபவத்தில், எழுதிய பிரதி 550 சொல்லைத் தாண்டக் கூடாது. நம் சொற்கள் நீளம். வேகமாக ஓட்டினால் கடைசி எழுத்துகள் விழுங்கப்பட்டுவிடும்.

நடுவர் தாளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நூற்றில் 50 மதிப்பெண் உள்ளடக்கத்துக்கு. குரல், உடல்மொழி, தோரணை எல்லாம் சேர்த்து 30. மொழிக்கு 20. நாமோ அடுக்குமொழிக்கும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் முக்கால்வாசி உழைப்பைக் கொடுத்துவிட்டு, என்ன சொல்ல வருகிறோம் என்பதைக் கடைசியில் தேடுகிறோம். 2014இல் கோலாலம்பூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் போட்டியின் உலகப் பட்டம் வென்ற இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி, ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு தன் வாழ்க்கைக் கதையை ஒரே கருத்தைச் சுற்றிச் சொன்னார். ஒரு பேச்சுக்கு ஒரு விஷயம் போதும்.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது மதிப்பீட்டுப் போட்டி. ஒருவர் மாதிரிப் பேச்சு நிகழ்த்துவார். போட்டியாளர்கள் அனைவரும் கேட்டுவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடத்தில் குறிப்பு எழுத வேண்டும். ஐந்து நிமிடம் ஆனதும் தாளை வாங்கிவிடுவார்கள். அவரவர் முறை வரும்போதுதான் திரும்பக் கிடைக்கும். பேச இரண்டிலிருந்து மூன்று நிமிடம். "குரல் நன்றாக இருந்தது" என்று பொதுவாகச் சொன்னால் பேசியவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. எந்த வரியில் குரல் தாழ்ந்தது, அப்போது அரங்கம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் அப்படிக் கேட்டிருக்க வேண்டும். இதில் பழகியவர்களின் சொந்தப் பேச்சும் தானாக இறுகிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

முடிவு அறிவித்த பிறகு நடுவர்களிடம் போய் மதிப்பெண் கேட்க வேண்டாம். அவர்கள் சொல்லக் கூடாது, தாள்களையும் அழித்துவிடுவார்கள். பார்வையாளர் ஒருவரிடம், "என் பேச்சுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். அன்றே, டீ குடிக்கும்போதே கேட்டுவிடுங்கள். மறுநாள் கேட்டால் "நல்லா இருந்துச்சுங்க" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது.