மணப்பாறைச் சந்தையும் முதுமைக்கான சேமிப்பும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த மணப்பாறைக்குப் புகழ் சேர்ப்பன இரண்டு. ஒன்று, 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற முறுக்கு. மற்றொன்று, மாட்டுச் சந்தை. இவ்விரண்டையும் சான்றாகக் கொண்டு செலவு, முதலீடு, முதுமைக்கால வாழ்வு ஆகியவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முறுக்குப் பிழிபவரின் வருவாய் அன்றாடம் வந்து அன்றாடம் கரைவது. அடுப்பருகே அமர்ந்து உழைப்பவர்க்குக் கையும் இடுப்பும் ஓயும் நாளே ஓய்வு நாள். ஓய்வூதியம் என்பதொன்று இல்லை. 'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்பது நம் மரபு தரும் விடை. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அப்பிள்ளைகளே வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் திணறும் காலத்தில், அதனை மட்டுமே நம்பியிருத்தல் அவர்கள்மேல் சுமத்தும் கடனாகாதா?

வருவாய் சிறிதாயினும் செலவு அதனை விஞ்சாவிடில் கேடில்லை என்பது வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. வீண்விரயம், கஞ்சத்தனம் ஆகிய இரண்டிற்கும் இடைப்பட்ட நடையை நல்லடியார் பண்பாகக் கூறுகிறது திருமறையின் அல்ஃபுர்கான் அத்தியாயம் (25:67). ஒருநாள் விருந்துக்காகப் பத்தாண்டுக் கடன் ஏற்போர் இவ்விரண்டையும் மேடைகளில் மட்டும் கேட்டவர்கள் போலும்!

சேமிப்பிற்குத் தலைசிறந்த வரலாறு யூசுஃப் நபி (அலை) அவர்களுடையது. செழிப்பான ஏழாண்டு விளைச்சலில் உண்பதற்குரிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுவைக்கச் சொன்னார்கள். பின்வந்த பஞ்ச ஆண்டுகளுக்கு அது உதவிற்று. உழைக்கும் பருவமே நமக்குச் செழிப்பான ஆண்டுகள்.

காலந்தாழ்த்துவதன் விலையை ஒரு கணக்கால் அறியலாம். 2015இல் தொடங்கப்பெற்ற அடல் ஓய்வூதியத் திட்டத்தில் அறுபது வயதுக்குப்பின் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதந்தோறும் 210 ரூபாய் செலுத்த வேண்டும்; 40 வயதில் சேர்பவரோ 1,454 ரூபாய். முன்னவர் 42 ஆண்டுகளில் செலுத்துவது 1,05,840 ரூபாய். பின்னவர் 20 ஆண்டுகளில் செலுத்துவது 3,48,960 ரூபாய். (வட்டி பற்றிய ஐயம் உடையோர் மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிக.)

எனினும் இத்தகைய திட்டம் ஒன்றே போதும் எனக் கருதுதல் பிழை. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயருமெனின் பன்னிரண்டு ஆண்டுகளில் இரட்டிக்கும். இன்று 18 வயதுடையவர் அறுபதில் பெறும் 5,000 ரூபாய்க்கு, இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 430 ரூபாய்க்குரிய பொருளே கிட்டும். ஆகவே சேமிப்பில் ஒரு பகுதியேனும் வளரும் பொருளில் இருத்தல் வேண்டும்.

இதனை உழவர் ஏட்டில் படித்தறிந்தாரில்லை. கன்றாக வாங்கி, வளர்த்து, பாலும் எருவும் பெற்று, மூப்பு எய்துமுன் சந்தையில் விற்று வேறு கன்று பிடித்தார். நோய் வந்தால் முதலும் போகுமாதலால் எல்லாப் பணத்தையும் ஒரே மாட்டில் போட்டாருமில்லை. ஆடும் வைத்திருந்தார், நெல்லும் வைத்திருந்தார். வணிகப் பங்கும் இத்தகையதே. கதீஜா நாயகி (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் நாட்டுக்கு வணிகம் சென்றதை உமறுப்புலவரின் சீறாப்புராணம் பாடுகிறது. ஒருவர் முதல், ஒருவர் உழைப்பு என்னும் அக்கூட்டில் ஆதாயம் இருவர்க்கும் பொது. இன்று ஷரீஅத் நெறிக்குட்பட்ட நிறுவனங்களை மட்டும் கொண்ட குறியீடுகள் தேசியப் பங்குச் சந்தையிலும் உள்ளன. பங்கு இறங்கவும் கூடும். ஆதலின் ஐந்தாறு மாதச் செலவுக்குரிய பணத்தைக் கையிருப்பாக ஒதுக்கிய பின்னரே அதில் இறங்குதல் வேண்டும்.

தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பல கவிழ்ந்து எளியோர் சேமிப்பு பறிபோனதால், 1997இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. பிற்காலத்தும் ஈமுக் கோழி வளர்ப்பு எனவும் நகைச்சீட்டு எனவும் வேறு வேறு வேடத்தில் ஏமாற்று தொடர்ந்தது. மாடு வாங்க வருபவர் தரகர் சொல்லை மட்டும் நம்புவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். அதற்குப் பின்னரே துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார். அவரே வீடு திரும்பி, ஆண்டுக்கு முப்பது விழுக்காடு தருவதாகக் கூறும் ஒருவரிடம், அந்நிறுவனம் ரிசர்வ் வங்கியிலோ செபியிலோ பதிவு பெற்றதா எனவும் கேளாமல் மாடு விற்ற பணத்தைக் கொடுத்து விடுகிறார்.